சைரன் போட்டால் ரெட் சிக்னலைத் தாண்டலாமா? ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சட்டம் தரும் சலுகை எதுவரை?

சிக்னலில் சிவப்பு விளக்கு. பின்னாலிருந்து சைரன் சத்தம். நிற்கும் வண்டிகள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்க, கிடைத்த இடைவெளியில் ஆம்புலன்ஸ் புகுந்து போய்விடுகிறது. தினமும் பார்க்கும் காட்சிதான். ஆனால் அந்தச் சந்திப்பில் பச்சை விளக்கைப் பார்த்துக் குறுக்கே வந்த பைக் மீது ஆம்புலன்ஸ் மோதிவிட்டால்? "ஒரு உயிரைக் காப்பாத்தத்தான் போனேன்" என்று சொன்னால் ஓட்டுநர் மீது வழக்கு வராதா?

வரும். சைரன் போட்ட வண்டி எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் என்ன அனுமதிக்கிறது?

1989-ம் ஆண்டு சாலை விதிகளுக்குப் பதிலாக, 2017-ல் மத்திய அரசு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அதில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வாகனம் போன்றவற்றுக்குத் தனிச் சலுகை உண்டு. அவசரப் பணியில் இருக்கும்போது சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், சாலையோரப் பகுதியிலோ ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலோ போகலாம்.

ஆனால் சில நிபந்தனைகள் கூடவே வருகின்றன. உயிர் காப்பது போன்ற உண்மையான அவசரம் இருக்க வேண்டும். சைரனும் சுழல் விளக்கும் இயங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சலுகையை உரிய கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். விபத்து வழக்குகளில் எல்லாமே இந்தக் கடைசி நிபந்தனையில்தான் வந்து நிற்கும். சிக்னலைத் தாண்டியது தப்பில்லை. குறுக்கே யாராவது வருகிறார்களா என்று பார்க்காமல் தாண்டியதுதான் தப்பு.

நோயாளியை இறக்கிவிட்டு ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பும்போது இந்தச் சலுகை கிடையாது. டீக்கடைக்குப் போகவும், டிராஃபிக்கிலிருந்து தப்பிக்கவும் சைரன் போடுவது விதிமீறல். இறந்தவரின் உடலை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் அவசரம் என்ற காரணம் பொருந்தாது. இப்படித் தேவையில்லாமல் ஒலிக்கும் சைரன்களால்தான், "உள்ளே ஆள் இருக்காங்களோ இல்லையோ" என்று ஜனங்கள் ஒதுங்காமல் நிற்கும் பழக்கமும் வந்தது. அதன் விலையைக் கொடுப்பது அடுத்து உண்மையிலேயே நோயாளியோடு வரும் வண்டி.

மோதினால் என்ன பிரிவு?

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, பொதுச் சாலையில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவது 281-வது பிரிவில் வரும். கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் 106(1). அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இந்தப் பிரிவுகளில் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு என்று தனி விலக்கு எதுவும் இல்லை. மது விஷயத்திலும் அப்படித்தான்: 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் யாராக இருந்தாலும் குற்றம்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். அங்கே போலீஸ்காரர் யாரும் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் தர வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வரும் சூழல் இருந்தால் அந்த இடத்தில் நிற்க முடியாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சரி, வண்டிக்குள் ஏற்கெனவே ஒரு நோயாளி இருந்தால்? உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, இன்னொரு ஆம்புலன்ஸை வரவழைப்பதுதான் நடைமுறையில் இருக்கும் ஒரே நல்ல வழி.

வேகமாகப் போனால் எவ்வளவு நேரம் மிச்சம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடக்க 10 நிமிடம். 80-ல் போனால் ஏழரை நிமிடம். மிச்சமாவது இரண்டரை நிமிடம். அதுவும் வழியில் ஒரு இடத்தில்கூட பிரேக் பிடிக்காமல் போனால்தான்! ஆனால் வேகம் 60-லிருந்து 80 ஆகும்போது மோதலின் ஆற்றல் சுமார் 78 சதவீதம் கூடிவிடுகிறது. 80-ல் போகும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கும் அந்த ஒரு விநாடியிலேயே 22 மீட்டர் ஓடிவிடும்.

சைரன் போட்டும் போடாமலும் ஆம்புலன்ஸ் ஓட்டி அமெரிக்காவில் ஆய்வு செய்திருக்கிறார்கள். வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் நடந்து 1995-ல் வெளியான ஆய்வில் சராசரியாக மிச்சமானது 43.5 விநாடி. நியூயார்க் மாகாணத்தின் சிராக்யூஸ் நகரில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில் 1 நிமிடம் 46 விநாடி. கிரீன்வில் சாலையும் நம்ம கோயம்பேடும் ஒண்ணு இல்லைதான். இங்கே நெரிசலில் சைரன் இல்லாமல் நகரவே முடியாது. ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவது வழி கிடைப்பதுதான், ஆக்ஸிலரேட்டர் கிடையாது.

இதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 2008-ல் மூளைச்சாவு அடைந்த சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சுமார் 11 நிமிடத்தில் கொண்டுசேர்க்கப்பட்டது. வழிநெடுக போக்குவரத்துப் போலீசார் சாலையைக் காலி செய்து கொடுத்ததால்தான் அது முடிந்தது. இன்று 'கிரீன் காரிடார்' என்று சொல்வது இதைத்தான்.

பின்னால் நிற்பவரை யார் பார்ப்பது?

108 ஆம்புலன்ஸில் ஓட்டுநரை 'பைலட்' என்பார்கள். அவரோடு இருப்பவர் இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர். தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். வண்டி ஓடும்போது இ.எம்.டி. பெரும்பாலும் உட்கார்ந்திருக்க முடியாது. ட்ரிப்ஸ் மாற்ற வேண்டும், ஆக்சிஜன் பார்க்க வேண்டும். இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது?

அதனால் ஒரு திடீர் பிரேக் போட்டாலே பின்னால் இருப்பவர் போய் விழுவார். கட்டாத ஆக்சிஜன் சிலிண்டர் விழுந்தால் குண்டு மாதிரி. முதுகெலும்பு அடிபட்ட நோயாளியை ஒரு குலுக்கலே நிரந்தரமாகப் படுக்க வைத்துவிடலாம். எனவே நல்ல பைலட் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பார், ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் பின்பக்கம் குரல் கொடுப்பார், நோயாளியின் பெல்ட்டைப் போட்ட பிறகே வண்டியை எடுப்பார்.

இதில் கூட வரும் உறவினர்களுக்கும் பங்கு இருக்கிறது. "அண்ணே, இன்னும் வேகமா போங்க" என்று அவர்கள் அழுதுகொண்டே சொல்வது இயல்பு. ஆனால் அந்த நேரத்தில் ஓட்டுநரின் கவனம் கலைந்தால், ஆபத்து உள்ளே படுத்திருப்பவருக்கும்தான்.

சந்திப்பில் செய்ய வேண்டியது

அதிக ஆபத்து சந்திப்புகளில்தான். ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, பாட்டுக் கேட்டுக்கொண்டு வரும் கார்க்காரருக்கு சைரன் மிகக் கிட்டத்தில் வந்த பிறகே கேட்கும். கேட்டாலும் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, ஒவ்வொரு வரிசையிலும் ஓட்டுநர் தன்னைப் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்துகொண்டு நகர்வதே பாதுகாப்பு. முதல் கார் நின்றுவிட்டது என்று நம்பிப் போனால், அதற்கு அடுத்த வரிசையில் வரும் பைக் கண்ணில் படாது. சந்திப்பை நெருங்கும்போது சைரனின் ராகத்தை மாற்றுவதும் உதவும். இன்னொரு ஆம்புலன்ஸும் அதே நேரத்தில் வந்தால், தன் சைரன் சத்தத்தில் அதன் சத்தம் கேட்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வழிவிடாதவருக்கு என்ன தண்டனை?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவின்படி ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. வழிவிடுவது என்றால் சாலையோரமாக ஒதுங்கி நிற்பது. பதறிப்போய் சிவப்பு விளக்கைத் தாண்டி நீங்களே சந்திப்புக்குள் பாய்ந்தால் இன்னொரு விபத்துக்குத்தான் வழி செய்கிறீர்கள். ஆம்புலன்ஸ் போனதும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஃப்ரீயாகப் போவதும் வேண்டாம். அது திடீரென நின்றால் உங்களால் நிறுத்த முடியாது. ஒரு ஆம்புலன்ஸ் போனதுமே பழைய இடத்துக்குத் திரும்பிவிடாமல், பின்னால் இன்னொன்று வருகிறதா என்று கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். பெரிய விபத்துகளில் இரண்டு, மூன்று வண்டிகள் அடுத்தடுத்து வருவது உண்டு.