ஹூக்ளியின் வக்ஃபும் கல்லூரிக் கட்டணமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் எழும். எந்தக் கல்லூரி என்பது ஒன்று. கட்டணத்துக்கு என்ன வழி என்பது மற்றொன்று. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமே என்று யாரேனும் சொன்னால், "அது நமக்கெதற்கு, இல்லாதவர்களுக்குப் போகட்டும்" என்று தயங்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தயக்கத்தில் தன்மானம் இருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், வங்காளத்தில் முஸ்லிம் மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பங்கை அரசு செலுத்தத் தொடங்கிய வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அந்தப் பணம் அரசின் கொடையன்று. ஒரு முஸ்லிம் அல்லாஹ்வுக்காக விட்டுச்சென்ற சொத்து அது.

ஹூக்ளியில் வாழ்ந்த ஹாஜி முஹம்மது முஹ்ஸின் பல ஆண்டுகள் ஈரான், அரபு நாடுகள் எனப் பயணம் செய்து, ஹஜ்ஜையும் நிறைவேற்றித் திரும்பியவர். மணம் செய்துகொள்ளாதவர். அவருடைய தாய்வழிச் சகோதரி மன்னுஜான், கணவரை இழந்தவர், பிள்ளைகளும் இல்லாதவர். ஜெஸ்ஸூர்ப் பகுதியில் பரந்து கிடந்த தம் நிலங்களைத் தம்பியிடமே விட்டு 1803இல் மறைந்தார். தமக்குப் பின் வாரிசு இல்லை என்பதை உணர்ந்த முஹ்ஸின், 1806இல் அச்சொத்து முழுவதையும் வக்ஃபு செய்தார். வருமானத்தை ஒன்பது பங்காக்கி, மூன்று பங்கு இமாம்பாராவின் மார்க்கக் காரியங்களுக்கும் பழுதுபார்ப்புக்கும், நான்கு பங்கு ஊழியர் சம்பளத்துக்கும் ஓய்வூதியங்களுக்கும், இரண்டு பங்கு முத்தவல்லிகளுக்கும் என எழுதிவைத்தார். 1812இல் அவர் இறந்தார்.

பிறகு நடந்தது நமக்குப் புதிதல்ல. முத்தவல்லிகள் மீது முறைகேட்டுப் புகார் எழுந்தது. கம்பெனி அரசு தலையிட்டு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. நீக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு நெடுங்காலம் இழுத்து, 1835இல்தான் முடிவுக்கு வந்தது. அதற்குள் செலவழியாமல் பல லட்சம் ரூபாய் சேர்ந்திருந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1836இல் ஹூக்ளியில் ஒரு கல்லூரியை அரசு திறந்தது.

கல்லூரி நல்ல கல்லூரிதான். பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர் அங்கே படித்தவர்; சையித் அமீர் அலீயும் அங்கே படித்தவரே. அமீர் அலீ பின்னர் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1909இல் இலண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். ஆனால் அமீர் அலீ போன்றவர்கள் அங்கே அரிது. ஆங்கிலக் கல்வி மீது நம்மவர்களுக்கிருந்த ஐயமும், கட்டணம் கட்ட இயலாமையும் சேர்ந்து, வக்ஃபுப் பணத்தில் நடந்த கல்லூரியில் முஸ்லிம் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட முஸ்லிம் இல்லை என்று வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1871இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். ஓர் ஆங்கிலேயரே தம் அரசின் மீது இப்படிக் குற்றஞ்சாட்டியது கவனத்துக்குரியது. அவர் எழுதியது நம்மீது கொண்ட அன்பினால் மட்டுமன்று, ஆட்சிக்கு வரக்கூடிய ஆபத்தை எண்ணியும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்கத்தாவில் நவாப் அப்துல் லத்தீஃப் இதற்கு முன்பிருந்தே இக்கோரிக்கையை அரசின் முன் வைத்துவந்தார். மனு எழுதுவதும், அதிகாரிகளைச் சந்திப்பதும், மறுபடி மனு எழுதுவதுமாகப் போன அவருடைய உழைப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1873இல் அரசு இறங்கிவந்தது. ஹூக்ளிக் கல்லூரியின் செலவை மாகாண வருவாயிலிருந்து ஏற்றுக்கொண்டு, முஹ்ஸின் நிதியை முஸ்லிம் கல்விக்கென விடுவித்தது. மறு ஆண்டு டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய ஊர்களில் மதரஸாக்கள் எழுந்தன. அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலக் கல்வி பயிலும் முஸ்லிம் மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிதியே செலுத்தியது. மீதி ஒரு பங்கைத் தந்தை கட்ட வேண்டும். கிழக்கு வங்காளத்தில் நெல்லும் சணலும் விளைத்து வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த ஒரு பங்கும் எளிதன்று. ஆனால் மூன்று பங்கு என்றால் நினைத்தே பார்த்திராத தந்தை, ஒரு பங்கு என்றதும் மகனை அனுப்பிப் பார்க்கத் துணிந்தார்.

1882இல் அதே ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், முஸ்லிம்களுக்கெனத் தனி உதவித்தொகைகளும் பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளில் குறிப்பிட்ட அளவு இலவச இடங்களும் வேண்டுமென்று பரிந்துரைத்தது. இது சென்னை உட்பட எல்லா மாகாணங்களுக்குமான பரிந்துரை.

சுதந்திர இந்தியாவில் இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது 2005இல் அமைக்கப்பட்ட சச்சார் குழுவினால். 2006 நவம்பரில் அதன் அறிக்கை வந்தபின், சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைகள் வரிசையாக வந்தன. அவற்றில் 30 விழுக்காடு மாணவிகளுக்கு என ஒதுக்கப்பட்டது. தொழிற்கல்விக்கான திட்டத்தில் கட்டணமாக ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரை கிடைத்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும், 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கின்றன. இவை மதம் பார்த்துக் கொடுப்பவை அல்ல. நம் பிள்ளைகளுக்கும் உரியவை.

திட்டத்துக்கேற்ப வருமானச் சான்றோ, சாதிச் சான்றோ, பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கோ வேண்டியிருக்கும். ஆதாரில் ஒரு எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் வேறொரு எழுத்துமாக நம் பெயர்கள் இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பங்கள் திரும்புவதைப் பார்க்கிறோம். முஹம்மது என்ற பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஜூன் மாதத்தில் பார்ப்பதைவிட, பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இதைச் சரிபார்த்துவிடலாம்.

ஹூக்ளி ஆற்றங்கரையில் அந்த இமாம்பாரா மணிக்கூண்டுடன் இன்றும் நிற்கிறது. கல்லூரிக்குப் பிற்காலத்தில் முஹ்ஸினின் பெயரே சூட்டப்பட்டது. ஆற்றை நோக்கிய சுவரில், அவர் எழுதிவைத்த வக்ஃபுப் பத்திரம் யாவரும் படிக்கும்படி பொறிக்கப்பட்டிருக்கிறது.