அபர்டீன் மருத்துவரின் அட்டவணை

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபர்டீன் நகரில் 1789 டிசம்பரில் ஒரு கொடுங்காய்ச்சல் பரவத் தொடங்கியது. சுகமாகப் பிள்ளை பெற்ற தாய், ஓரிரு நாளில் குளிர்நடுக்கம் கண்டு, அடிவயிறு வீங்கி, வலியால் துடித்து, சில நாட்களிலேயே இறந்துபோவாள். நம் பாட்டிமார் ‘பிரசவ ஜன்னி’ என்று அஞ்சிய நோய்தான் இது. பால் தடைப்பட்டு உடலில் தேங்குவதே காரணம் என்றனர் சிலர். காற்றிலுள்ள நச்சு என்றனர் வேறு சிலர்.

அவ்வூர் இலவச மருந்தகத்தின் மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் ஓர் அட்டவணை எழுதலானார். நோயுற்ற தாய் யார், வயது என்ன, எங்கே குடியிருந்தார், பிழைத்தாரா என்பவற்றோடு, பிரசவம் பார்த்தவர் யார் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினார். உண்மை அந்தப் பத்தியில்தான் இருந்தது. 1792 மார்ச்சு வரை அவர் கண்ட 77 நோயாளிகளில் 28 பேர் மாண்டனர். முன்பே இந்நோயாளிகளைக் கவனித்துவந்த மருத்துவரோ, மருத்துவச்சியோ, தாதியோ சென்ற வீடுகளிலேயே நோய் தோன்றியது. எந்த மருத்துவச்சி பிரசவம் பார்த்தாள் என்று கேட்டே, அத்தாய்க்கு நோய் வருமா என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

அந்தப் பத்தியில் அவர் பெயரும் இருந்தது! பல தாய்மாருக்கு நோயைக் கொண்டுசென்றவன் நானே என்று 1795இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார். நோயாளியின் துணிகளை எரிக்க வேண்டும், அல்லது நன்கு தூய்மை செய்ய வேண்டும். கவனித்தவர்கள் உடம்பைக் கழுவி, உடைக்குப் புகையூட்டிய பின்பே மீண்டும் அணிய வேண்டும் என்றார். மருத்துவச்சிகளின் பெயரை அச்சிட்டதை ஊரார் பொறுக்கவில்லை. அவ்வாண்டே கடற்படைப் பணிக்கு அழைக்கப்பட்டு ஊரைவிட்டுச் சென்றவர், 1799இல் காசநோயால் இறந்தார்.

சிகிச்சையில் அவர் தவறினார் என்பதையும் சொல்ல வேண்டும். நோய் கண்டவுடன் 20 முதல் 24 அவுன்சு இரத்தத்தை வடித்தால் பிழைக்கலாம் என நம்பினார். பிள்ளை பெற்ற உடம்பிலிருந்து இவ்வளவு இரத்தமா! பின்வந்த ஆங்கில மருத்துவர் சிலர் அவர் நூலிலிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். கழுவச் சொன்ன பகுதியை விட்டுவிட்டனர்.

1843இல் அமெரிக்காவில் ஹோம்ஸ் கார்டனின் சான்றுகளை மீண்டும் எடுத்துக்காட்டினார். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மாணவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்ததும் சாவு வெகுவாகக் குறைந்தது. 1879இல் பாரிசில் பாஸ்டர், சங்கிலிபோல் கோத்த கிருமியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அதை அடக்கும் மருந்துக்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று; 1936இல் லண்டனில் கோல்புரூக் புரோன்டோசிலைக் கொடுத்துத் தாய்மாரைக் காப்பாற்றினார்.

கார்டன் இன்னொன்றையும் குறித்திருந்தார். தோல் சிவந்து வீங்கி எரியும் எரிசிபிலஸ் என்னும் நோய், அபர்டீனில் இக்காய்ச்சலோடு தோன்றி அதனோடே மறைந்ததாம். அதற்கும் காரணம் அதே சங்கிலிக் கிருமிதான்.