தேசப்படத்தின் பூட்டும் திறப்பும்

அரசாங்கம் திரட்டி வைக்கும் விவரங்கள் யாருக்கு உரியவை என்னும் வினா, கணினிக்கும் இணையத்துக்கும் நெடுங்காலம் முற்பட்டது. நிலவரி, மழைக்கணக்கு, ஜனத்தொகை என்று எத்தனையோ வகை விவரங்களைச் சர்க்கார்கள் சேகரித்து வந்திருந்தாலும், தேசப்படத்தைப் போல ஒரு காலத்தில் உலகறியப் பிரசுரமாகி, பின்பு பூட்டுக்குள் புகுந்து, நெடுநாள் கழித்து மறுபடியும் பிரஜைகளின் கைக்கு வந்து சேர்ந்த விவரம் மிக அரிது. இந்தியாவில் அந்தச் சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று, நம் சென்னைக்கு அருகே பரங்கிமலையில் ஆரம்பமாகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1767-இல் ஜேம்ஸ் ரென்னல் என்பவரை வங்காளத்தின் சர்வேயர் ஜெனரலாக நியமித்தனர். இந்திய சர்வே இலாகா தன் பிறப்பை அந்த நியமனத்திலிருந்தே கணக்கிடுகிறது. வியாபாரிகளாக வந்து அரசர்களாக மாறியவர்களுக்குத் தாங்கள் ஆள வந்த நாட்டின் ஆறு எங்கே, கோட்டை எங்கே, பாதை எங்கே என்பது தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆயினும் ரென்னல் தாய்நாடு திரும்பியபின் தயாரித்த ஹிந்துஸ்தானப் படம் 1782-இல் லண்டனில் பகிரங்கமாகவே வெளிவந்தது. சென்னையில் மைக்கேல் டாப்பிங் 1794-இல் தொடங்கிய சர்வே பள்ளிக்கூடம்தான் பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்னும் இராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதற்கு அவர் கையாண்ட சாதனம் நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் ஆதலால், சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, அருகே வெப்பமானியை வைத்து, ஒவ்வொரு முறையும் உஷ்ணத்தைக் குறித்து, அதற்கேற்ப நீளத்தைத் திருத்தி, இவ்வாறு நானூறு முறை அந்தச் சங்கிலியை எடுத்தெடுத்து வைத்து, ஆறு வார காலத்தில் அவர் அந்த ஒரு கோட்டை அளந்து முடித்தார். பின்பு கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கோபுரங்களின் மீதும் குன்றுகளின் மீதும் ஏற்றி, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தெற்கையும் மேற்கையும் வளைத்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அக்கருவியைக் கயிறு கட்டித் தூக்கியபோது, அது சுவரில் மோதி அதன் வட்டத் தகடு நெளிந்துபோக, லாம்டன் தாமே பல வாரங்கள் உழைத்து அதை நிமிர்த்தி மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்தார். கருவியைச் சுமந்தவர்களும், சங்கிலியை இழுத்தவர்களும், கொடி பிடித்து நின்றவர்களும் பெரும்பாலும் பெயர் எழுதி வைக்கப்படாத நம் நாட்டு ஜனங்களே. செலவும் இந்நாட்டு வருமானத்திலிருந்தே சென்றது.

அந்த அளவைகள் இரகசியமாக வைக்கப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். லாம்டன் தம் கணக்குகளை, இன்ன இடத்தில் இவ்வளவு பிழை நேர்ந்திருக்கலாம் என்னும் குறிப்புகளோடு, ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் அச்சிட்டார். பிறர் அவற்றைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. 1827 முதல் நான்கு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் இந்திய அட்லாஸ் தாள் தாளாக லண்டனில் வெளியாகியது. இன்னும் வேடிக்கை, திபெத்துக்குள் மாறுவேஷத்தில் சென்று, ஜபமாலையின் மணிகளால் அடிகளை எண்ணி, சர்வே இலாகாவின் இரகசிய அளவையாளர் நயின் சிங் கொண்டுவந்த விவரங்களே லண்டன் புவியியற் கழகத்தின் சஞ்சிகையில் அச்சேறின. 1877-இல் அக்கழகம் அவருக்குத் தங்கப் பதக்கமும் அளித்தது. சாம்ராஜ்யம் படத்தை விரித்துக் காட்டியது தயாள குணத்தால் அன்று. தன் ஆதிக்கத்தின் விஸ்தீரணத்தை உலகம் காண வேண்டும் என்னும் பெருமிதமே அதற்குக் காரணம். அதனால்தான், பயம் தோன்றிய மாத்திரத்தில் அந்தத் திறப்பு சுருங்கியது. 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் எதிரிக்குப் பயன்படக்கூடிய படங்களையும் வரைவுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

சுதந்திரம் வந்தபின் இந்தக் கதவு அகலத் திறந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. நடந்ததோ வேறு. சீனப் போரும் பாகிஸ்தான் போரும் முடிந்த அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1967-இல் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த விதிகளின்படி, தேச எல்லைகளையும் கடற்கரையையும் ஒட்டிய பரந்த பிரதேசங்களின் விரிவான படங்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. மன்னார் வளைகுடா முதல் பழவேற்காடு வரை நீண்ட கரையுடைய தமிழ்நாட்டுக்கு இதன் விளைவு சாமான்யமானதன்று. தன் ஜில்லாவின் டோப்போஷீட் என்னும் விரிவான படத்தாள் ஒன்றைக் கேட்கும் பூகோள மாணவர், கல்வி நிலையத்தின் சிபாரிசும், உத்தியோகஸ்தர்களின் அத்தாட்சியும், பத்திரமாகப் பூட்டி வைப்பதாக உறுதிமொழியும் கொண்டுவர வேண்டியவரானார்.

அப்படிப் பூட்டத்தக்க எது அந்தத் தாளில் இருக்கிறது என்று சற்றே உற்று நோக்குவோம். 1:50,000 என்னும் அளவில் வரையப்பட்ட ஒரு தாள், பதினைந்து கலை அட்சாம்சமும் பதினைந்து கலை தீர்க்காம்சமும் கொண்ட நிலப்பரப்பைக் காட்டும். பழைய எண்முறையில் சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் 66 சி, 66 டி என்னும் பிரிவுகளில் அடங்கும். பழுப்புக் கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்றாக நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும், மஞ்சள் சாகுபடி நிலம், பச்சை காடு, நீர் நிற்கும் ஏரி நீலம், வறண்ட ஏரி வெறும் எல்லைக் கோடு. ஏரிக்கரை எந்தப் பக்கம் வளைந்திருந்தது, வரத்துக்கால் எங்கிருந்து வந்தது, கலங்கலிலிருந்து வழிந்த நீர் எந்த ஓடையில் சேர்ந்தது என்பன எல்லாம் அதிலே உண்டு. ஓரத்தில் எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கும். வேற்று நாட்டுப் படைத்தலைவனைக் காட்டிலும், வீடு கட்ட மனை வாங்குகிறவனுக்கும், சாலை போடுகிற பொறியாளருக்கும், ஏரியைக் காக்கப் போராடும் கிராமத்தாருக்கும் அன்றோ இவ்விவரங்கள் அதிகம் பயன்படும்? வேற்று நாட்டுப் படைகளோ இதற்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்க இராணுவம் 1950-களிலேயே இந்தியா முழுவதற்கும் 1:250,000 அளவில் படங்கள் தயாரித்துவிட்டது. அவை இன்று டெக்ஸாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வழியே யாருக்கும் கிடைக்கின்றன. அந்நியனுக்குத் திறந்தும் சொந்தக் குடிமகனுக்கு அடைத்தும் கிடந்த கதவாயிற்று அது.

2005-ஆம் ஆண்டு இந்த நிலைமையை அசைத்தது. அவ்வாண்டு மே மாதம் மத்திய அரசு தேசிய நிலப்படக் கொள்கையை அறிவித்து, பாதுகாப்புத் துறைக்கென்று ஒரு வரிசையும், பொதுமக்களுக்கென்று திறந்த வரிசை ஒன்றுமாகப் படங்களை இரண்டாக வகுத்தது. அடுத்த மாதமே கூகிள் எர்த் வெளியாகி, வீட்டு மொட்டைமாடி வரை எல்லோர் கண்ணுக்கும் காட்டிவிட்டது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனால் விளையக்கூடிய ஆபத்தைப் பற்றி அந்த ஆண்டிலேயே பகிரங்கமாகக் கவலை தெரிவித்தார். அவருடைய கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வானத்திலிருந்து எடுக்கும் படத்துக்குத் தாளில் போடும் தடை தாழ்ப்பாள் ஆகாது.

தேசப்படத்தோடு நில்லாமல், பொதுப்பணத்தால் திரட்டிய எல்லாத் தரவுகளுக்கும் ஒரு தர்மத்தை வகுத்தது 2012 மார்ச் மாதம் அரசிதழில் வெளியான தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை. தரவுகளைத் திறந்தவை, பதிவு செய்து பெறத்தக்கவை, கட்டுப்படுத்தப்பட்டவை என்று மூவகையாக்கி, மறைக்க வேண்டியவை எவை என்பதை அந்தந்த இலாகாவே பட்டியலிட்டுச் சொல்ல வேண்டும் என்றது. அதாவது மறைப்பதற்குக் காரணம் காட்டும் பொறுப்பு, கேட்பவரிடமிருந்து வைத்திருப்பவரிடம் மாறியது. தரவுகளை எவரும் எடுத்து, வேறு வகையில் தொகுத்து, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், மூலத்தைச் சொன்னால் போதும் என்னும் உரிமப் பத்திரம் 2017-இல் வந்தது. அதே ஆண்டு, தன் 250-ஆம் ஆண்டு நிறைவில், இந்திய சர்வே இலாகா திறந்த வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டது. ஆயினும் அதற்கு ஆதார் எண் கேட்டது. தந்ததும் கணினி கூட்டிக் கழிக்கத்தக்க தரவாக இன்றி, அச்சுத்தாளின் பிரதியாகவே இருந்தது.

இடையிலே பழைய பயம் ஒருமுறை தலைதூக்கவும் செய்தது. உத்தரவின்றி நிலவிவரம் திரட்டினால் நூறு கோடி ரூபாய் வரை அபராதமும் ஏழாண்டு வரை சிறையும் என்னும் மசோதா 2016-இல் வரைவாக வெளிவந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது தன்னார்வலர்கள் நீர் சூழ்ந்த தெருக்களைத் திறந்த வரைபடத்தில் குறித்துக் காட்டியிருந்தனர். மசோதா சட்டமாகவில்லை. மாறாக, 2021 பிப்ரவரி 15-இல் வெளியான வழிகாட்டுநெறிகள், இந்தியர் நிலவிவரம் திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி வேண்டியதில்லை என்றும், பாதுகாப்பு காரணமாக ஒதுக்கியவை நீங்கலாக, பொதுப்பணத்தில் உருவான நிலத்தரவுகள் இந்தியருக்கு எளிதில் கிடைக்க வேண்டும் என்றும் கூறின. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கையும் வந்தது.

ஆக, கொள்கையின் குறை இன்று அதிகமில்லை, குறை அனுஷ்டானத்தில்தான். படத்தைக் கொடுத்துவிட்டு அது எந்த ஆண்டு அளந்தது, எவ்வளவு பிழையுடையது என்பதைச் சொல்லாமல் விடுவதும், தரவைத் தந்து பின் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் விடுவதும் ஒருவகை மறைப்பே ஆகும். லாம்டன் தம் கணக்கோடு பிழைக் குறிப்பையும் சேர்த்து அச்சிட்டாரே, அந்த நேர்மையை ஒவ்வோர் இலாகாவும் கைக்கொள்ள வேண்டும். வாசகர்களும் தங்கள் ஊரின் தாளை இறக்கி, அதில் உள்ள ஏரியையும் இன்று நிற்கும் ஏரியையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் கணக்குக் கேட்க வேண்டும். அளப்பதற்கான கூலியைக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.