மன்னர் இறங்கிய மனை

ஆண்டாளைச் சேவிக்க வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பால்கோவாப் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிடுகிறார்களேயன்றி, அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கருக்கும் ஒரு மஹால் உண்டென்பதை அறிந்தவர் சொற்பமே. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அம்மன்னர், நாற்பத்தைந்து மைலுக்கு அப்பாலுள்ள இத்தலத்துக்குத் தரிசனத்தின் பொருட்டு வந்தபோதெல்லாம் தங்கிய மனை அது. ஆண்டாளுக்குப் பூஜை முடிந்ததை வழிநெடுக மண்டபங்களில் மணியடித்து அறிவித்த பின்னரே மதுரையில் அவர் போஜனத்துக்கு அமர்வார் என்பது கர்ணபரம்பரைக் கதை. மன்னரின் பசியை மணிக்காரர்கள் எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்பதைக் கதை சொல்லவில்லை.

நாயக்கர் வம்சம் 1736-ல் அஸ்தமித்தது. ராஜா இறங்காத மாளிகைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த குடி, கோர்ட். பல்லக்கு இறங்கிய வளைவுகளின் கீழ் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் நடமாட, வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையுமாக வந்த கட்சிக்காரர்கள் வாய்தாவுக்குக் காத்திருந்தார்கள். மதுரையின் பெரிய மஹாலுக்கும் இதே கதிதான்: 1866 முதல் 1872 வரை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதைச் செப்பனிடச் செய்தார்; 1970 வரை ஜில்லா கோர்ட் அங்கே நடந்தது. அரண்மனையில் கட்சிக்காரரை நிறுத்துவது அபசாரமென்று ரசிகர்கள் வருந்துவதுண்டு. எனக்கோ, அந்தக் கோர்ட்டுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. வழக்கு நடந்த கூரையை ஒழுகவிடச் சர்க்காருக்கு மனம் வராது, வெறும் அரண்மனையையோ ஊரார் கல்லும் செங்கல்லுமாகப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மஹால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

அங்கிருந்து ஏறத்தாழ ஏழு மைலில் ராஜபாளையம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை வகித்த பூ. ச. குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே பொதுமக்களுக்குத் தானமளிக்க, அது காந்தி கலைமன்றமாயிற்று. நாயக்கர் மாளிகையின் உபயோகத்தைக் காலம் மாற்றியது. இவ்வீட்டின் உபயோகத்தையோ உடையவரே மாற்றினார். 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி அவரைத் தோற்கடித்தது. பின்னர் ஒரிஸ்ஸாவில் கவர்னராயிருந்து, 1957-ல் காலமானார். இன்று அவ்வீதியில் வழி கேட்பவர்கள் ராஜாவின் வீட்டைக் கேட்பதில்லை, கலைமன்றத்தையே கேட்கிறார்கள்.