ரெண்டாவது கன்ட்ரோலரின் கதை

போன சனிக்கிழமை வீட்டில் பெரிய பஞ்சாயத்து. பெரியவன் கையில் கன்ட்ரோலர், சின்னவள் கண்ணில் தண்ணீர். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று நான் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் மூன்றாம் நாளே முறிந்துவிட்டது. சரி, இன்னொன்று வாங்கித் தொலைப்போம் என்று கடைக்குப் போனால், வயர்லெஸ் கன்ட்ரோலரின் விலையைக் கேட்டு எனக்கே நாக்கு வறண்டது. பக்கத்து அலமாரியில் அதில் பாதிகூட இல்லாத விலையில் வயர் வைத்தது ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "வயரா? அதெல்லாம் பழசுப்பா" என்றான் பெரியவன்.

பழசுதான். ஆனால் எவ்வளவு பழசு, ரெண்டாவதை ஏன் நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று யோசித்தால் அதற்குள் ஒரு சுவாரசியமான சரித்திரம் இருக்கிறது.

வீட்டு டிவியில் விளையாட வந்த முதல் கருவி 1972ல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் விற்ற ஒடிஸி. ரால்ஃப் பேயர் என்ற பொறியாளரின் மூளையில் உதித்தது. அதற்குள் மைக்ரோபிராசசரே கிடையாது. ஆனால் பெட்டியிலேயே ரெண்டு கன்ட்ரோலர் இருந்தது. தனியாக ஒருவர் விளையாடுவது என்ற எண்ணமே அப்போது பெரிதாக இல்லை. டென்னிஸ் ஆட எதிரில் ஆள் வேண்டாமா?

1977ல் அட்டாரி தன் கன்சோலை விட்டபோதும் கூடவே ரெண்டு ஜாய்ஸ்டிக் கொடுத்தது. ஒரு குச்சி, ஒரு பட்டன், அவ்வளவுதான். நமக்கு முக்கியம் அதன் வயர் நுனியில் இருந்த ஒன்பது ஊசி பிளக். அட்டாரியே கண்டுபிடித்ததல்ல, எல்லாருக்கும் கிடைக்கிற சாதா பிளக். அதனால் கமடோர் 64 போன்ற மற்ற கம்பெனி கம்ப்யூட்டர்களும் அதையே வைத்தன. ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினால் பல வீட்டில் செல்லுபடியாகும். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். மலிவு கன்ட்ரோலரின் பொற்காலம் என்றே சொல்லலாம்.

1983ல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் வந்தது. குச்சிக்குப் பதில் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன். முந்தைய வருஷம் கையடக்க டாங்கி காங் விளையாட்டுக்காக குன்பே யோகோய் செய்தது அது. புதுசாக, விலையுயர்ந்ததாக எதையும் தேடாதே, பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்து என்பது அந்த மனுஷரின் கொள்கை. நம்மூர் இல்லத்தரசிகள் கேட்டால் இதில் என்ன புதுசு என்பார்கள் :-)

ஃபாமிகாமிலும் ரெண்டு கன்ட்ரோலர் உண்டு, ஆனால் பிளக் கிடையாது. வயர் நேராகப் பெட்டிக்குள் போய்விடும். அறுந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும். இன்னொரு ஓரவஞ்சனையும் உண்டு. ரெண்டாவதில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன்களே இல்லை, அதற்குப் பதில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தவும் தொடங்கவும் அதிகாரம் மூத்தவனுக்கு, கத்துகிற உரிமை மட்டும் இளையவனுக்கு. எந்த வீட்டைப் பார்த்து வடிவமைத்தார்களோ!

தொண்ணூறுகளில் இந்தியாவில் 'டிவி கேம்' என்று விற்றதெல்லாம் பெரும்பாலும் இந்த ஃபாமிகாமின் நகல்கள்தான். எங்கள் வீட்டுக்கு பர்மா பஜாரிலிருந்து வந்ததும் அப்படி ஒன்றுதான். கான்ட்ரா ஆடினால் அண்ணன்தான் முதல் ஆள், நான் எப்போதும் ரெண்டாவது. என் கன்ட்ரோலர் வயர் கழுத்தில் விட்டுப்போனபோது தெருமுனை ரேடியோ ரிப்பேர்காரர் பத்தே நிமிஷத்தில் பற்ற வைத்துக் கொடுத்தார். அவர் வீடியோ கேமைப் பார்த்ததே இல்லை. உள்ளே இருந்தது ஐந்தே கம்பிகள். மின்சாரத்துக்கு ரெண்டு, எட்டு பட்டன்களின் நிலையை வரிசையாகச் சொல்லும் சில்லுக்கு மூன்று. எளிமையாக இருந்ததால் நகலெடுக்கவும் முடிந்தது, ரிப்பேரும் ஆனது.

திருப்பம் 1994ல். சோனியின் பிளேஸ்டேஷன் பெட்டிக்குள் ஒரே ஒரு கன்ட்ரோலர். முகப்பில் ரெண்டு துளை இருக்கும், ரெண்டாவதை நிரப்புவது உங்கள் பாடு. 1996ல் நின்டெண்டோ 64ல் துளை நாலு, கொடுத்தது ஒன்று. பிளக்கும் ஆளுக்கொரு வடிவமாகிவிட்டது. 2001ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் உள்ளே ஓடியது யுஎஸ்பிதான், ஆனால் பிளக்கை மட்டும் வேறு மாதிரி செய்து வைத்தார்கள்.

வயர் ஏழைக்கானது என்ற எண்ணம் எப்போது வந்தது? 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 ரெண்டு விலையில் வந்தது. விலை கூடியதில் வயர்லெஸ், குறைந்ததில் வயர். அடுத்த வருஷம் பிளேஸ்டேஷன் 3ம் வீயும் வயர்லெஸ்ஸோடே வந்தன. அத்தோடு வயர் கீழ்சாதியாகிவிட்டது. ஆனால் அதே 360ன் வயர் கன்ட்ரோலர் சாதாரண யுஎஸ்பியில் கம்ப்யூட்டரிலும் ஓடி, பல வருஷம் உழைத்தது. பேட்டரி தீர்ந்தது என்ற பேச்சே இல்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து கடைக்கு எடுத்துப்போக வேண்டிய பாடங்கள் சில.

முதலில், பிளக் பொருந்துவதும் பேச்சு பொருந்துவதும் ஒன்றல்ல. இன்று எல்லாம் யுஎஸ்பிதான், ஆனால் பூட்டு உள்ளே போய்விட்டது. பிளேஸ்டேஷன் 4ன் கன்ட்ரோலரை 5ல் செருகினால் 4ன் ஆட்டங்கள் ஓடும், 5க்கென்று வந்தவை ஓடாது. எக்ஸ்பாக்ஸில் 2023 நவம்பர் முதல் அனுமதி பெறாத கன்ட்ரோலர்களைத் தடுக்க ஆரம்பித்தார்கள். ஆகவே அட்டையில் உங்கள் கன்சோலின் பெயரும், உரிமம் பெற்றது என்ற வாசகமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கட்டைவிரல் குச்சி. பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது நம் பழைய ரேடியோ வால்யூம் திருகியின் தம்பி. தேயும், தேய்ந்தால் தொடாமலே பொம்மை நடக்கும். காந்தத்தால் இயங்கும் 'ஹால் எஃபெக்ட்' குச்சியில் அந்த உராய்வு இல்லை. இதுவும் புதுசல்ல, 1998ல் சேகா ட்ரீம்காஸ்டிலேயே இருந்தது. இப்போது சில மலிவு கன்ட்ரோலர்களிலும் வருகிறது, கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, கழற்றி மாட்டும் வயர் உத்தமம். முதலில் போவது வயர்தான், அது மட்டும் போனால் அதை மட்டும் மாற்றலாம். சோபாவுக்கும் டிவிக்கும் உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள், மூன்று மீட்டர் இருந்தால் நிம்மதி.

கடைசியாக, எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். ஸ்விட்சுக்கான பல மலிவு வயர் கன்ட்ரோலர்களில் அதிர்வும், அசைவை உணர்வதும் இருக்காது. குதித்து ஓடும் ஆட்டத்துக்கு அது ஒரு குறையே அல்ல.

நாங்கள் வயர் வைத்ததையே வாங்கினோம். பெரியவன் பழையதை எடுத்துக்கொண்டு தங்கையிடம் புதுசை நீட்டினான், ஏதோ தானம் செய்கிற தோரணையில். நான் குறுக்கே வரவில்லை. அவள் முதலில் செய்தது ஸ்டார்ட் பட்டனை அழுத்தி அவன் ஆட்டத்தை நிறுத்தியதுதான். நாற்பது வருஷ பாக்கி அது.