புல்லட்டின் மௌனமாக இருந்த ஏழு ஆண்டுகள்

எம்.ஐ. ஃபின்லியைத் தேடிப் போய்த்தான் இந்தக் கதைக்குள் வந்து விழுந்தேன். 'ஒடிசியஸின் உலகம்' எழுதிய அதே ஃபின்லி. பண்டைய கிரேக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படிக்க நினைக்கும் யாரும் அவரைத் தாண்டிப் போவது கஷ்டம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர், 1979இல் 'சர்' பட்டம் பெற்றவர். ஆனால் பிறந்தது நியூயார்க்கில். 1952ஆம் ஆண்டின் கடைசி வரை நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அப்புறம் எதற்கு இங்கிலாந்து?

வேலை போய்விட்டது, அதனால். அந்த ஆண்டு மார்ச்சில் செனட் துணைக்குழு ஒன்று அவரை விசாரணைக்கு அழைத்தது. கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பு பற்றிய கேள்விக்கு, அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் தரும் உரிமையைச் சொல்லிப் பதில் தர மறுத்தார். ரட்கர்ஸின் ஆசிரியர் குழு ஒன்று விஷயத்தை ஆராய்ந்து, மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று ஒருமனதாகச் சொன்னது. அறங்காவலர்கள் அதை ஏற்கவில்லை. டிசம்பரில், ஃபின்லியும் அதே காரணத்துக்காகச் சிக்கிய சைமன் ஹைம்லிக் என்ற இன்னொரு ஆசிரியரும் பதவியிழந்தார்கள்.

இதுவரை பலரும் சொன்ன கதை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம். ரட்கர்ஸில் நடந்ததைப் பற்றிய தன் முடிவை அது உறுப்பினர்களுக்கு எப்போது சொன்னது தெரியுமா? 1956இல்.

அந்தத் தாமதம் ஏன் உறுத்துகிறது என்பது புரிய, சங்கம் பிறந்த நாட்களுக்குப் போக வேண்டும். 1900இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ராஸ் என்ற பொருளியல் ஆசிரியரின் பேச்சுகள் பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்காமல் போனது, ராஸ் வெளியேற்றப்பட்டார். (ராஸ் ஒன்றும் தியாகச் சுடர் இல்லை. ஆசியத் தொழிலாளர்களைப் பற்றி அவர் பேசியது அப்பட்டமான இனவெறி. உரிமைப் பிரச்சினைகள் எப்போதும் நமக்குப் பிடித்த ஆட்களோடு வருவதில்லை.) எதிர்ப்புத் தெரிவித்து விலகியவர்களில் ஆர்தர் லவ்ஜாய் என்ற இளம் தத்துவ ஆசிரியரும் ஒருவர். 1915 ஜனவரியில் நியூயார்க்கில் சங்கம் தொடங்கியபோது ஜான் டூயி தலைவர், லவ்ஜாய் செயலாளர். 60 கல்வி நிறுவனங்களிலிருந்து 867 உறுப்பினர்கள்.

'தொழிற்சங்கம்' என்ற சொல்லே அந்தப் பேராசிரியர்களில் பலருக்குக் கசந்தது. நாங்கள் என்ன ஆலைத் தொழிலாளிகளா என்கிற எண்ணம். டூயிக்கு அந்தக் கூச்சம் இல்லை. மறு ஆண்டே நியூயார்க் ஆசிரியர்களின் தொழிற்சங்கத்திலும் சேர்ந்துகொண்டார். ஆனால் இந்தச் சங்கம் கூட்டுப் பேரம் பேசுவதைத் தன் வழியாக ஏற்றுக்கொள்ள 1972 வரை ஆயிற்று. அப்படியென்றால் அதுவரை அதன் கையில் இருந்த ஆயுதம் என்ன? வேலைநிறுத்தம் கிடையாது. நீதிமன்ற அதிகாரம் கிடையாது. இருந்தது ஒன்றுதான்: நேரில் போய் விசாரித்து, நடந்ததை அச்சடித்து, எல்லோருக்கும் அனுப்புவது.

அதை அவர்கள் முதல் வருஷமே செய்து காட்டினார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் நான்கு ஆசிரியர்கள் நீக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகத் தலைவரையும் ஆட்சிக்குழுவையும் மரியாதைக் குறைவாகப் பேசினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். சக ஆசிரியர்கள் பலர் கூடவே ராஜினாமா செய்தார்கள். செய்தித்தாளில் இதைப் படித்த லவ்ஜாய், டூயியின் சம்மதத்தோடு ரயிலேறி சால்ட் லேக் சிட்டிக்கே போய்விட்டார். இரு தரப்பையும் கேட்டார். அதே ஆண்டு விரிவான அறிக்கை வெளியானது. சங்கத்தின் 'புல்லட்டின்' இதழும் அந்த ஆண்டின் இறுதியில்தான் தொடங்கியது. பிற்பாடு, தவறு செய்த நிறுவனங்களின் கண்டனப் பட்டியலும் அதில் வரலாயிற்று. வேலை தேடுகிறவர்கள் விண்ணப்பம் போடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம்மூர்க் கல்லூரிகளில் ஆசிரியர் அறைச் சுவரில் சங்கச் சுற்றறிக்கை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அகவிலைப்படி, நிலுவைத் தொகை, தர்ணா தேதி. டீ குடித்தபடி யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் ஒருவர் கைக்கு மெமோ வந்த அன்று பாருங்கள், முதலில் போய் நிற்பது அந்தச் சுவர் முன்னால்தான். இதற்கு முன் யாருக்காவது இப்படி நடந்ததா, சங்கம் என்ன செய்தது? புல்லட்டினும் அப்படிப்பட்ட சுவர்தான், கொஞ்சம் பெரிய அளவில்.

1949 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நிரந்தரப் பணியில் இருந்த மூன்று பேராசிரியர்களை நீக்கியது. மார்ச்சில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு, தான் கம்யூனிஸ்ட் அல்ல என்று ஒவ்வொரு ஆசிரியரும் உறுதிமொழி தர வேண்டும் என்று தீர்மானித்தது. ஜூன் 14 அன்று பெர்க்லியில் கூடிய ஆசிரியர் கூட்டத்தில் இடைக்கால வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கான்டரோவிச் எழுந்து எதிர்த்துப் பேசினார். ஹிட்லருக்கு விசுவாசம் சொல்ல மறுத்து ஜெர்மனியில் பேராசிரியர் பதவியை விட்டவர். முதல் உலகப் போருக்குப் பின் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவரும்கூட. அவரைப் போய்க் கம்யூனிஸ்ட் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னால்? 1950 ஆகஸ்ட் 25 அன்று 12க்கு 10 என்ற வாக்கில் கையெழுத்திட மறுத்த 31 பேரை ஆட்சிக்குழு வெளியே அனுப்பியது. அந்தப் பத்தாண்டில் இப்படி வேலையிழந்த பேராசிரியர்கள் ஏறத்தாழ நூறு பேர் என்று வரலாற்றாசிரியர் எலன் ஷ்ரெக்கர் கணக்கிடுகிறார்.

சங்கத்தின் கொள்கையில் குழப்பம் இருக்கவில்லை. சட்டப்படி இயங்கும் கட்சியில் உறுப்பினராக இருப்பது மட்டுமே பதவிநீக்கத்துக்குக் காரணம் ஆகாது என்று அது முன்பே சொல்லியிருந்தது. புகார்கள் வந்தன. கோப்புகள் சேர்ந்தன. புல்லட்டினும் பருவம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது; கல்விச் சுதந்திரத்தின் மேன்மை பற்றிக் கட்டுரைகள்கூட உண்டு. ஆனால் இந்த நீக்கங்களைப் பற்றிய விசாரணை அறிக்கை ஒன்றுகூட அதில் வரவில்லை. ஒன்றுகூட.

ஏன்? சங்கத்தின் பொதுச் செயலாளர் ரால்ஃப் ஹிம்ஸ்டெட். சட்டப் பேராசிரியராக இருந்து, 1936இல் இந்தப் பொறுப்புக்கு வந்தவர். அவரை விலைபோனவர் என்றோ மெக்கார்த்தியின் ஆள் என்றோ எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். உண்மை அதைவிடச் சங்கடமானது. எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும், ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்கிற ரகம். வேலையைப் பிறர் கையில் கொடுக்க மனசு வராது. அறிக்கை எழுதப்பட வேண்டியிருந்தது. பிறகும் எழுதப்பட வேண்டியிருந்தது. சங்கத்துக்குள் முணுமுணுப்பு இருந்தது, ஆனாலும் 1955இல் அவர் இறக்கும் வரை யாரும் அந்த நாற்காலியை அசைக்கவில்லை. ஒரு மனிதரின் குணக்கோளாறை மட்டும் காரணம் சொல்வதும் நியாயமில்லை. அத்தனை ஆயிரம் உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு அதைப் பொறுத்துக்கொண்டது என்றால், அந்தத் தாமதம் பலருக்கும் வசதியாக இருந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதன் விலையை யோசித்துப் பாருங்கள். 1953இல் ஏதோ ஒரு சிறு கல்லூரியில் விசாரணைக் கடிதம் கிடைத்த ஆசிரியர் தன் சங்க இதழைப் புரட்டுகிறார். ரட்கர்ஸ் செய்தது தப்பு என்று ஒரு வரி இருந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் கல்லூரித் தலைவரின் மேசையில் வைத்திருக்கலாம். அந்த வரி இல்லை. கல்லூரித் தலைவருக்கும் அது இல்லை என்று தெரியும்.

சங்கம் செய்யாததைத் தனி ஆட்கள் செய்தார்கள். பெர்க்லியின் ஆங்கிலப் பேராசிரியரும் நாவலாசிரியருமான ஜார்ஜ் ஸ்டூவர்ட், சக ஆசிரியர்கள் சிலரின் துணையோடு 'உறுதிமொழி ஆண்டு' என்ற புத்தகத்தை 1950லேயே கொண்டுவந்துவிட்டார். பிரச்சினை கொதித்துக்கொண்டிருக்கும்போதே. கான்டரோவிச் தன் தரப்பைச் சிறு நூலாகத் தானே அச்சிட்டார். ஓர் ஆள், ஓர் அச்சகம், சில மாதங்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஹிம்ஸ்டெட்டுக்குப் பின் நிலைமை சட்டென்று மாறியது. தனிக்குழு ஒன்று தேங்கிக் கிடந்த கோப்புகளை எடுத்துப் படித்து, சில மாதங்களிலேயே அறிக்கை தந்தது. 1956 வசந்த கால புல்லட்டினில் அது வெளியானது. ஐந்தாம் திருத்தத்தின் கீழ் பதில் மறுப்பது மட்டுமே நீக்கக் காரணமாகாது என்றது. கூடவே, ஆசிரியர் தன் நிறுவனத்திடமாவது விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. எனக்கு அந்த இடம் உவப்பாக இல்லை. அந்த ஆண்டுக் கூட்டத்தில் கலிஃபோர்னியா, ரட்கர்ஸ், ஒஹையோ ஸ்டேட், டெம்பிள் உள்ளிட்ட நிறுவனங்கள் கண்டனப் பட்டியலில் ஏறின.

கலிஃபோர்னியா வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் 1952லேயே ஆசிரியர்கள் பக்கம் தீர்த்துவிட்டிருந்தது. கான்டரோவிச் பிரின்ஸ்டனில் குடியேறி 'மன்னனின் இரு உடல்கள்' நூலை முடிக்கும் தறுவாயில் இருந்தார். ஃபின்லி கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1962இல் பிரிட்டிஷ் குடிமகனும் ஆனார். 1972இல் ரட்கர்ஸ் அவரைச் சொற்பொழிவுக்கு அழைத்தது. போனார். பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, பண்டைய ஜனநாயகமும் நவீன ஜனநாயகமும்.