உயிரியல் பூஞ்சாணக்கொல்லிகளின் பாதுகாப்பாய்வு (இந்தியா)

பயிர்களைத் தாக்கும் பூஞ்சாணங்களை அடக்க டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் பயன்படுகின்றன. இவை கடைக்கு வருமுன் இந்திய அரசு நடத்தும் பரிசீலனையே பாதுகாப்பாய்வு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இதற்கு அடிப்படை. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது: 1958இல் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த உணவுப் பொருளை உண்டு கேரளத்தில் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வாறு ரசாயன நஞ்சை எண்ணி எழுதிய சட்டத்தின் அட்டவணையில் 1999இல் நுண்ணுயிர்களும் சேர்க்கப்பட்டன. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது ஃபரிதாபாத்தில் இயங்கும் பதிவுக் குழு.

ரசாயன மருந்தென்றால், விளைச்சலில் எவ்வளவு எஞ்சி நிற்கிறது என்று அளப்பார்கள். உயிருள்ள மருந்து பெருகக்கூடியது. ஆகவே அது எந்த உயிர் என்பதுதான் முதற்கேள்வி. இதில் சிறு பிழையும் ஆபத்தானது. நெல்லில் குலைநோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸுக்கு ஏருஜினோசா என்றொரு நெருங்கிய உறவு உண்டு. தீக்காயத்திலும் நுரையீரலிலும் கடும் தொற்றை உண்டாக்குவது அது. எனவே இனப்பெயர் மட்டும் போதாது, ரகம் வரை அடையாளம் காட்ட வேண்டும். அந்த ரகம் இந்த மண்ணில் இயற்கையாகக் கிடைத்தது, மரபணு மாற்றப்படாதது என்ற உறுதிமொழியும் தேவை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பிரித்தெடுத்துத் தந்த பி.எஃப்.1 அத்தகைய ரகங்களுள் ஒன்று.

அடுத்தது விலங்குச் சோதனை. வாய் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் நுண்ணுயிரைச் செலுத்தி, நச்சுத்தன்மை உண்டா என்பதோடு, அது உடலுக்குள் தொற்றுகிறதா என்றும் பார்க்கிறார்கள். மீன், பறவை, தேனீ, பட்டுப்புழு ஆகியவற்றுக்கு ஏற்படும் விளைவும் கணக்கில் வரும்.

பொட்டலத்துக்கும் வரம்பு உண்டு. ஒரு கிராமில் டிரைக்கோடெர்மா குறைந்தது 20 லட்சம், சூடோமோனாஸ் 10 கோடி உயிரலகுகள் இருக்க வேண்டும். சால்மோனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ இருக்கவே கூடாது. இவற்றையெல்லாம் பார்த்தே பதிவு கிடைக்கும்: பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பிரிவு 9(3பி) தற்காலிகப் பதிவுக்கும், 9(3) முழுப் பதிவுக்கும் உரியவை.

விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்பது தமிழ்நாட்டில் வழக்கமான அளவு. அந்த அளவில் இட்டாலும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருந்தால்தான் பலன். ஆலையை விட்டுத் தரமாகக் கிளம்பிய பொட்டலத்திலும், தகரக் கூரையின் வெப்பத்தில் கிடந்தால் உயிர்கள் மடிந்துவிடும். அதனால் பதிவுக்கு நிகரான முக்கியத்துவம் கடையில் எடுக்கும் மாதிரிக்கும் உண்டு. அதை எடுக்கும் அதிகாரம் சட்டப்படி பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு இருக்கிறது.